ஆறடித் தொட்டி வாங்கமுதல் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள்

கொக்குவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது முப்பத்தைந்து, அலுவலக வேலை. வீட்டில் மனைவி, நான்கு வயது மகன், அம்மா. இருப்பது லண்டனில் வசிக்கும் உறவினர் ஒருவரின் மாடி வீட்டில், வீட்டைப் பார்த்துக்கொள்வதுதான் வாடகை. மேல்மாடி ஹோலில், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் இரண்டரை வருடமாகக் கடல் மீனும் முருகையும் வளர்க்கிறார். உள்ளே இரண்டு நீமோ, பவுடர் புளூ என்ற நீல மீன் ஒன்று, எல்லாரையும் துரத்தித் திரியும் நீல டாம்சல் ஒன்று, ஒரு கிளீனர் இறால், கொஞ்சம் மென்முருகை, ஒரு கல் நிறைய ஸோவா என்ற பூப்போன்ற உயிர்கள், கடையில் வாங்கிய ஹேமர் என்ற கடினமுருகை ஒன்று.

பிரச்சினை என்னவென்றால் தண்ணீரில் கரைந்து பாசியை வளர்க்கும் நைட்ரேட் லீட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதே இல்லை, கல்லெல்லாம் பச்சைப் பாசி, சித்திரை மாதம் தண்ணீர் 31.5 பாகைக்கு ஏறி ஹேமர் சுருங்கிவிட்டது. பவுடர் புளூ கண்ணாடியோரம் போவதும் திரும்புவதுமாகவே இருக்கிறதாம். 'தொட்டி பெரிதானால் எல்லாம் தானாகச் சரிவரும்' என்று யாரோ சொல்ல, ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒன்று செய்ய முடிவெடுத்துவிட்டார். அதே ஹோல்தான். கனடாவில் இருக்கும் அண்ணா பாதிக் காசு தருகிறார், விடுமுறைக்கு வரும்போது சாமான்களும் நாலைந்து முருகைத் துண்டுகளும் பெட்டிக்குள் கொண்டுவருவாராம். மீதிக் கல்லைக் கீரிமலைக் கரையில் பொறுக்கலாம், கடல் கொந்தளிப்பான நாட்களில் ஆனையிறவு உப்பைக் கரைத்துச் சமாளிக்கலாம், பாசி பிடித்த ஸோவாக் கல்லைக் கொதிநீர் ஊற்றிக் கழுவலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். இதுதான் திட்டம். மனைவிக்கு விருப்பமில்லை. 'நான் செய்யப்போவது சரிதானே?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, யாழ்ப்பாணத்து வெயிலில் மூன்றடித் தொட்டிக்குள் ஹேமரை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தீர்கள் என்றால் உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மிருக வைத்தியர். என்னிடம் வருவது பெரும்பாலும் மாடும் நாயும்தான். மீனுக்காக ஃபோன் எடுப்பவர்களில் பாதிப்பேர் மீன் செத்த பிறகுதான் எடுக்கிறார்கள். நீங்கள் காசைக் கொடுக்கமுதல் கேட்டிருக்கிறீர்கள், அந்த வகையில் நல்லது. பெரிய தொட்டிக்கு நான் எதிரியில்லை, அந்தப் பவுடர் புளூவுக்காகவாவது அது வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய திட்டத்தில் ஐந்தாறு இடங்களில் கைவைக்க வேண்டியிருக்கிறது, அதில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

கொதிநீர் வேண்டவே வேண்டாம்

ஸோவா என்று நாம் விளையாட்டாகக் கூப்பிடும் அந்தச் சின்னப் பூக்களில் சில வகைகளுக்குள், குறிப்பாகப் பலித்தோவா வகைகளில், பலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கும். உலகத்தில் தெரிந்த மிகக் கடுமையான நஞ்சுகளில் ஒன்று அது. உங்கள் கல்லில் இருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லில் கொதிநீரை ஊற்றினால் அந்த நஞ்சு நீராவியோடு கிளம்பி வீட்டில் எல்லாருடைய மூச்சிலும் போகும். வெளிநாடுகளில் கல்லைக் கொதிக்கவைத்தும் நீராவியால் கழுவியும் குடும்பமாக வைத்தியசாலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

பாசியை எடுக்க வேண்டுமென்றால் கல்லை வாளியில் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பாசியைக் கையால் பிய்த்து எடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் நீர் தெறிக்கும், ஸோவா உள்ள கல்லுக்கு அது வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம். வேலை செய்த பிறகு வாயில் கசப்பாக, உலோகம் நக்கியது போல ஒரு ருசி, காய்ச்சல், உடம்புக் குத்து, மூச்சுமுட்டு, கண் எரிவு என்று எது வந்தாலும் நேரே போதனா வைத்தியசாலைக்குப் போய் 'கடல் தொட்டி முருகை, பலிடொக்சின்' என்ற சொல்லையே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கே யாருக்கும் அது நினைவுக்கு வராது.

பெரிய தொட்டி நைட்ரேட்டைக் குறைக்குமா?

நீங்கள் ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் ஏறத்தாழ மூன்று லீட்டர் கிணற்றுத் தண்ணீர் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த வரியிலேயே கண் நின்றுவிட்டது. நமது குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேலே தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் எல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். நமது தோட்டப் பகுதிக் கிணறுகளில் அதற்கு மேலே போவது புதிதல்ல.

சரி, உங்கள் கிணற்றில் 50 என்றே வைத்துக்கொள்வோம். தினம் மூன்று லீட்டர் விட்டால் 150 மில்லிகிராம் நைட்ரேட். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 190 லீட்டர், கல்லும் மணலும் போக உள்ளே உள்ள தண்ணீர் சுமார் 150 லீட்டர்தான். ஆக ஒவ்வொரு நாளும் லீட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஏறுகிறது. மாதத்துக்கு 30! மீனுக்கு ஒரு பருக்கைகூடப் போடாமல். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். நீங்கள் பம்பையும் உணவையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், வாளிதான் காரணம்.

இப்போது ஆறடித் தொட்டிக்கு வருவோம். அதன் கொள்ளளவு 680 லீட்டர், மூன்றரை மடங்கு. ஆனால் ஆவியாவது மேற்பரப்பைப் பொறுத்தது. இப்போது நாலரைச் சதுர அடி, நாளைக்குப் பன்னிரண்டு சதுர அடி, அதுவும் இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே மாதத்துக்கு 30 ஏறியது 22, 23 ஆகும், அவ்வளவுதான். பெரிய தொட்டியில் மாற்றங்கள் மெதுவாக நடக்கும் என்பது உண்மை. ஒரு மீன் செத்தால் உடனே நஞ்சாகாது, வெப்பம் சட்டென்று ஏறாது. ஆனால் தவறு தினமும் நடந்துகொண்டிருந்தால் பெரிய தொட்டியும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு 680 லீட்டரைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் செலவு தொட்டி இல்லை, தண்ணீரை மெம்பிரேன் என்ற நுண்ணிய சவ்வால் வடிக்கும் ஆர்ஓ இயந்திரம் ஒன்றும், அதன் கடைசியில் மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் ஒரு டிஐ ரெசின் குழாயும், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்றும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே முறையில்தான், உங்களுடையது சின்னது. மீட்டர் பூச்சியம் காட்ட வேண்டும். குசினிக்கென்று விற்கும் ஆர்ஓ இயந்திரங்களில் கடைசியாக மினரல் சேர்க்கும் குழாய் ஒன்று இருக்கும், தொட்டிக்குரிய தண்ணீரை அதற்கு முன்னாலேயே பிரித்தெடுங்கள். நமது தண்ணீர் கடினம் என்பதால் மெம்பிரேன் சீக்கிரம் அடைபடும், முன்வடிகட்டிகளை நேரத்துக்கு மாற்றுங்கள். வெளியே கழியும் தண்ணீரை வீணாக்க வேண்டாம், வாழைக்கு விடலாம்.

கடல்நீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காங்கேசன்துறைப் பக்கம் திறந்த கடலில், கடல் இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்த பிறகு, துறைமுகத்துக்கும் வள்ளங்கள் கட்டும் இடத்துக்கும் தள்ளி எடுத்தால் நல்லது. எடுத்ததை வடித்து, மூடிய கானில் இருட்டில் வைத்து, விடுமுன் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், ஆயிரத்துக்கு 35 வேண்டும். வாடைக் காலத்து மழைக்குப் பிறகு உப்பு குறைந்திருக்கும். கடல்நீரேரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம், மாரியில் நன்னீராகவும் கோடையில் கடலைவிட உப்பாகவும் மாறும் தண்ணீர் அது.

ஆனையிறவு உப்புக் கதையை எத்தனை பேர் கேட்கிறார்கள் தெரியுமா! கடல்நீரை வெயிலில் வற்றவைக்கும்போது கல்சியம் சேர்ந்தவை முதலில் படிந்துவிடும், அதன் பிறகுதான் சாப்பாட்டு உப்பு படியும், மக்னீசியத்தில் பெரும்பகுதி கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். நல்ல உப்பு என்பதே இந்த இரண்டும் இல்லாத உப்புத்தான். கறிக்கு அது வேண்டும். முருகைக்கோ அந்தக் கல்சியத்திலும் மக்னீசியத்திலும்தான் சீவியம்: லீட்டருக்குக் கல்சியம் 400 முதல் 450 மில்லிகிராம் வரை, மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் வரை, காரத்தன்மை டிகேஎச் என்ற அளவில் 8, 9. ஆனையிறவு உப்பைக் கரைத்தால் மீன் சில நாள் நீந்தும், ஹேமர் மிஞ்சாது. கடல்நீர் எடுக்க முடியாத காலத்துக்குத் தொட்டிக்கென்று விற்கும் உப்புப் பையை வாங்கி வையுங்கள். 500 லீட்டருக்கு 18, 19 கிலோ போகும்.

ஒரு தொன் எடை, அதுவும் அடுத்தவர் வீட்டில்

கணக்குப் பாருங்கள். தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 690 கிலோ. 12 மில்லிமீற்றர்க் கண்ணாடி 120 கிலோவுக்கு மேல். கீழே சம்ப் என்ற வடிகட்டும் தொட்டி, அதற்குள் இன்னொரு 120 லீட்டர், ஸ்டாண்ட், மணல், கல். எப்படிக் கூட்டினாலும் ஒரு தொன்னுக்குக் குறையாது. பன்னிரண்டு சதுர அடிக்குள் பதினைந்து ஆட்கள் நெருக்கிக்கொண்டு இரவு பகலாக வருடக்கணக்கில் நிற்பது போல. வீட்டு மாடிகளைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ தாங்குவது போலத்தான் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். அது அறை முழுக்கப் பரவிய பாரத்துக்கான கணக்கு, ஆகவே தொட்டியை வைத்ததும் மாடி இடியும் என்று நான் சொல்லவில்லை. பீம் எங்கே ஓடுகிறது, தொட்டி அதற்குக் குறுக்கே வருமா, கம்பி எப்படிப் போட்டார்கள் என்பதையெல்லாம் வீட்டின் படத்தைப் பார்த்துக் கட்டட எஞ்சினியர் ஒருவர் சொல்ல வேண்டும். மேசன் 'ஒன்றும் ஆகாது அண்ணை' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்.

ஆனால் எஞ்சினியர் சரி என்று சொன்னாலும் நான் மேல்மாடிக்குச் சம்மதிக்க மாட்டேன். காரணம் வீடு உங்களுடையது இல்லை. சிலிக்கோன் ஒட்டு ஒரு நாள் விட்டால் 600 லீட்டர் உப்புத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கும், உப்பு கம்பிக்குள் போனால் கொங்கிறீட் வெடிக்கத் தொடங்கும். அதற்கு யார் பொறுப்பு? லண்டனில் இருப்பவர் உங்களோடு இப்போது நல்லமாதிரி, எழுத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்கு வீட்டை விற்க நினைத்தாலோ, அவருடைய பிள்ளைகள் கேட்கத் தொடங்கினாலோ, உறவும் போகும் காசும் போகும். ஆகவே கீழ்வீட்டில், நிலத்தில் நேரே உட்கார்ந்த தரையில் வையுங்கள். அதற்கும் அவரிடம் அனுமதி கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி என்ன அளவு, எந்த அறை, சேதம் வந்தால் நீங்கள் திருத்திக் கொடுப்பீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இதை முறைப்படி செய்ய விரும்பினால் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் செலவழிப்பது வீண்போகாது.

வெப்பமும் கரண்டும்

கீழ்வீட்டுக்கு இறங்கினால் இன்னொரு லாபமும் இருக்கிறது. வெயில் காயும் மேல்மாடி ஹோலைவிட அது எப்போதும் குளிர்ச்சி. முருகைக்கு 24 முதல் 27 பாகை வரை நல்லது. 30க்கு மேலே நாட்கணக்கில் போனால் முருகை தனக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளி வெளிறிவிடும். 1998இலும் 2016இலும் நமது கடலிலேயே அது நடந்தது. உங்கள் ஹேமர் சுருங்கியதும் அதற்கு முதல் படி.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தை வாங்கமுதல் ஃபானைப் பாருங்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 500 லீட்டரை ஒரு பாகைக்கும் மேலாகக் குளிர்விக்கக்கூடிய வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், சின்ன விஷயமில்லை. சோளகம் வீசும் காலத்தில் காற்று உலர்வாக இருப்பதால் ஃபான் நன்றாகவே வேலை செய்யும். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில்தான் அது தோற்கும், சில்லர் வேண்டியிருப்பது அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு. ஃபான் போட்டால் ஆவியாவதும் கூடும், ஆகவே ஆர்ஓ தண்ணீரைத் தானாக விடும் ஓட்டோ டொப்பப் இல்லாமல் பெரிய தொட்டி வேண்டாம். சில்லர் வாங்கினால் அதன் சூட்டை அறைக்கு வெளியே விடும்படி வையுங்கள், இல்லாவிட்டால் அறையைச் சூடாக்கி அதே அறையிலுள்ள தொட்டியைக் குளிர்விக்கிற கூத்துத்தான்.

மனைவிக்கு விருப்பமில்லை என்று எழுதியிருந்தீர்கள், காரணம் எழுதவில்லை. கரண்ட் பில்லாக இருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 60 வாட், தொட்டித் தண்ணீரை அசைக்கும் வேவ்மேக்கர் இரண்டும் 40, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் 30, இவை இருபத்திநாலு மணி நேரமும் ஓடும். எல்இடி 300 வாட் எட்டு மணி நேரம், சில்லர் 350 வாட் பத்து மணி நேரம். மொத்தம் நாளுக்கு ஒன்பது அலகு, மாதத்துக்கு 270. மாதம் 180 அலகைத் தாண்டினால் கட்டணத்தின் உச்சப்படி, உங்கள் தொட்டி மட்டுமே அதைத் தாண்டும், வீட்டுப் பாவனை அதற்கு மேலே. சில்லர் இல்லாத மாதங்களில் 165 அளவுக்கு இறங்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனைவி, அம்மா இருவரிடமும் கொடுங்கள். அண்ணா தருவது தொட்டிக் காசுதான், மாதாமாதம் கட்டப்போவது நீங்கள்.

கரண்ட் நிற்பதையும் மறக்கக்கூடாது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தக் கிழமைதான் என்னுடைய நாலடித் தொட்டி போனது. வெளிச்சம் இல்லாமல் முருகை இரண்டு நாள் இருக்கும். தண்ணீர் அசையாமல் நின்றால் மீன் சில மணி நேரத்தில் ஒட்சிசன் இல்லாமல் போய்விடும், சூட்டுத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். எனக்குத் தெரியாத விஷயமா அது? ஆனாலும் பற்றரி காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வைக்கவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். நீங்கள் ஒரு வேவ்மேக்கரையாவது 12 வோல்ட் பற்றரியில் ஓடும்படி வாங்குங்கள். தொட்டிக்குப் போகும் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், பிள்ளை கைவைக்கிற வீடு.

சின்னதாக இன்னொன்று. மாரியில் டெங்குக்குப் புகையடிக்க வரும்போது யன்னல்களைப் பூட்டி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, காற்றுப் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்திவிடுங்கள். நுளம்புக்கு அடிக்கும் அந்த மருந்து இறாலையும் மீனையும் கொல்லும்.

கீரிமலைக் கல்லும் கனடாப் பெட்டியும்

நெடுந்தீவில் முருகைக்கல் வேலி பார்த்த நமக்கு, கரையில் கிடக்கும் கல்லை எடுத்தால் என்ன என்றுதான் தோன்றும். ஆனால் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லை அகழ்வது மட்டுமல்ல, சேகரிப்பதும் வைத்திருப்பதும் ஏற்றிச்செல்வதும் குற்றம். அந்த வலயம் கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர், கடலுக்குள் இரண்டு கிலோமீற்றர். உயிருள்ள முருகையை உடைத்தெடுப்பதைச் சொல்லவே வேண்டாம். கல் ஒன்றும் பெரிய பிரச்சினையில்லை, கடையில் உலர்ந்த செயற்கைக் கல் வாங்கி உங்கள் பழைய கல்லோடு சேர்த்து வைத்தால் சில மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அண்ணாவிடம் முருகை கொண்டுவர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடினமுருகை எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் அங்கேயும் பிடிபடலாம், கட்டுநாயக்கவிலும் பிடிபடலாம், அபராதம் கட்டுவதும் அலைவதும் அவராக இருக்கும். பத்திரம் தேவையில்லாத மென்முருகைகூட நோய்த் தடுப்பு அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது.

சாமான் விஷயத்திலும் கவனம். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது, அங்கத்தைய ஏசி பம்ப் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். சில்லரை அங்கிருந்து எடுப்பிக்கவே வேண்டாம். அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும் டிசி பம்ப், டிசி வேவ்மேக்கர், ரிஃப்ராக்டோமீட்டர், ஆர்ஓ மெம்பிரேன் இவற்றைக் கேளுங்கள். பாரமும் குறைவு, நாளைக்கும் பயன்படும்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையிலா?

வேண்டாம். நீங்கள் புதுத் தொட்டியைக் கீழே வைப்பதால் பழையது மேலே ஓடிக்கொண்டே இருக்கலாம், இது எல்லாருக்கும் கிடைக்காத வசதி. முதலில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் ஒழுக்குப் பாருங்கள், பிறகு அதை வளவுக்கு விட்டுவிட்டு உப்புத் தண்ணீர். பழைய மணலைப் புதுத் தொட்டிக்குள் போடாதீர்கள், இரண்டரை வருட அழுக்கும் அழுகின முட்டை மணக்கும் வாயுவும் அதற்கு அடியில்தான் இருக்கிறது, புது மணல் வாங்கிக் கழுவிப் போடுங்கள். பழைய தண்ணீரில் நல்ல பக்டீரியா இருக்கிறது, அதையே முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பக்டீரியா இருப்பது கல்லின் துவாரங்களில், தண்ணீரில் இருப்பது கொஞ்சம். அந்தத் தண்ணீரில் நிறைய இருப்பது நீங்கள் கழற்றிவிட நினைக்கிற நைட்ரேட்.

பழைய கல்லில் ஒன்றிரண்டைப் புதுச் சம்பில் வைத்து ஒரு மாதம் விடுங்கள். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று பரிசோதனை காட்டிய பிறகு மற்றக் கற்களைக் கிழமைக்கொரு தடவையாக மாற்றுங்கள். பிறகு முருகைகள். புது எல்இடியை முதல் நாளே முழுக்க எரியவிட வேண்டாம், 40 வீதத்தில் தொடங்கி ஒரு மாதத்தில் மெல்ல ஏற்றுங்கள். பிறகு இறாலும் நீமோக்களும். பவுடர் புளூ கடைசியில். இடம் மாறும்போது வெள்ளைப் புள்ளி நோய் முதலில் பிடிப்பது அதைத்தான். புள்ளி கண்டால் தொட்டிக்குள் செம்பு மருந்தை ஊற்றிவிடாதீர்கள், இறாலும் முருகையும் அன்றைக்கே போய்விடும். மருந்து வேறு தொட்டியில்தான்.

எப்போது தொடங்கலாம் என்றால், தைப்பொங்கல் கழிந்த கையோடு. மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், சித்திரை வெயிலுக்குள் தொட்டி ஒரு நிலைக்கு வந்துவிடும். அதுவரை பழைய தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் விட்டு, கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு மாற்றி வாருங்கள். இரண்டு மாதம் கழித்து நைட்ரேட் எவ்வளவு என்று எழுதுங்கள். 15க்குக் கீழே வந்திருந்தால் ஆறடிக்கு நானே கைகாட்டுவேன். வராவிட்டால் தொட்டிக்காரரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள், வேறெங்கோ ஓட்டை இருக்கிறது, அதைத் தேடுவோம்.

ஓ, அந்த டாம்சல். இரண்டரை வருடமாகப் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கற்களுக்குள் ஒளிந்தால் யாராலும் பிடிக்க முடியாதுதான். கடைசிக் கல்லையும் தூக்குகிற அந்த நாளில் ஒளிய இடமில்லாமல் தனியே நிற்பார், அப்போது ஒரு சின்ன வலை போதும். அவரைக் கீழே கொண்டுபோகாதீர்கள், கடைக்காரர் வாங்கிக்கொள்வார்.